விறகுக் கணக்கும் நெல் ஆராய்ச்சியும்

பஞ்சத்தைப் பற்றியும் பசியைப் பற்றியும் நமது நாட்டில் நடக்கும் விவாதங்களெல்லாம் அரிசியில் ஆரம்பித்து அரிசியிலேயே முடிந்துவிடுகின்றன. எத்தனை ஏக்கர் பயிராயிற்று, எத்தனை டன் விளைந்தது, ரேஷன் கடையில் எத்தனை கிலோ போட்டார்கள் என்பவையே கேள்விகள். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2011 ஜூன் மாதம் முதல் அரிசிக் கார்டு வைத்திருப்போருக்கு அரிசி விலையின்றி வழங்கும் ஏற்பாடு வந்தது. இது போற்றத்தக்க காரியம் என்பதில் எக்கட்சியாருக்கும் ஆட்சேபம் இராது. ஆனால் அரிசியை யாரும் அப்படியே மென்று விழுங்குவதில்லை. உலை வைக்க வேண்டும். உலைக்குத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் கொதிக்க நெருப்பு வேண்டும். நெருப்புக்கு விறகோ, காஸோ, மண்ணெண்ணெயோ வேண்டும். அரிசி இனாமாகக் கிடைத்த வீட்டிலும் இந்தச் செலவு இனாமாவதில்லை. பசியைப் பற்றிய நமது சர்க்கார் கணக்குகளில் இந்த இனத்துக்குத் தனியாக ஒரு பத்தி போடப்பட்டதை நாம் கண்டதில்லை.

ராமநாதபுரம் ஜில்லாவின் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு இது தத்துவ விசாரணை அன்று, அன்றாடக் கஷ்டம். தேவிபட்டினத்திலிருந்து மண்டபம் வரைக்கும், பாலத்துக்கு அப்பால் பாம்பன், தங்கச்சிமடம், ராமேசுவரம் வரைக்கும், தெற்கே கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி வரைக்கும் காடு என்று சொல்லத்தக்க காடு கிடையாது. பனை உண்டு, ஆங்காங்கே தென்னை உண்டு, மணலில் குடை விரித்தாற்போல் நிற்கும் உடைமரம் உண்டு. ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டி ஓய்ந்துவிடும். கண்மாய் நிறைந்தால் ஒரு போகம். நிறையாவிட்டால் அதுவும் இல்லை. பனையோலையும் மட்டையும் தென்னம்பாளையுமே பல குடிசைகளில் நெடுங்காலமாய் அடுப்பெரித்து வந்தன.

இதற்கு மேல் ஒரு சங்கடம், வெளியூர்க்காரர் அறியாதது. கரையோரக் கிணறுகளில் பெரும்பாலானவற்றின் நீர் உப்பு அல்லது கடினம். கடின நீரிலுள்ள சுண்ணச் சத்து பருப்பின் தோலையும் தசையையும் இறுகப் பிடித்துக்கொள்வதால், அதில் வேகவைத்த துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கரைவதில்லை. ஆப்பசோடாவை ஒரு சிட்டிகை போட்டு வேகவைக்கும் வழக்கம் அதனால் வந்தது. சோடா போட்டால் பருப்பிலுள்ள சில உயிர்ச்சத்துகள் அழிகின்றன என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். போடாவிட்டால் விறகு அழிகிறது. நல்ல தண்ணீர் குடம் குடமாய் விலைக்கு வாங்கும் ஊரில், எந்தத் தண்ணீரில் பருப்பு வேகவைப்பது என்பதுகூட ஒரு வரவு செலவுப் பிரச்னையாகிவிடுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் விறகுப் பஞ்சத்துக்கு மருந்தென்று ஊரெங்கும் பரப்பப்பட்டது சீமைக் கருவேலம். மருந்து நோயாளியை விழுங்கிவிட்ட கதை அது. கண்மாய்க் கரை, தரிசு, புறம்போக்கு, பட்டா நிலம் என்று பாராமல் அது படர்ந்தது. அதை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே நமது ஜில்லாவில் ஆயிரக்கணக்கானோருக்குத் தொழிலாயிற்று. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் அதைக் களையும்படி கட்டளையிட்டபோது உழவர்கள் மகிழ்ந்தார்கள்; கரிமூட்டக்காரர்களும் விறகு சுமக்கும் ஸ்திரீகளும் கலங்கினார்கள். இரு சாராரும் சொன்னது நியாயமே. மரம் நின்றால் நிலம் போகிறது. மரம் போனால் அடுப்பு அணைகிறது. இந்த வழக்கைத் தீர்க்க இன்னொரு வழி உண்டு, அதாவது அடுப்பின் தேவையையே குறைப்பது, என்று அப்போது யாரும் வாதித்ததாக நமக்கு நினைவில்லை.

காஸ் வந்துவிட்டதே, விறகைப் பற்றி இன்னமும் ஏன் பிரலாபம் என்று கேட்பவர்கள் உண்டு. 2016 மே முதல் தேதி தொடங்கிய உஜ்வலா திட்டம் ஏழை வீடுகளுக்குள் சிலிண்டரைக் கொண்டுவந்தது உண்மை. 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் குடும்பங்களில் 100க்குச் சுமார் 59 புகையற்ற எரிபொருளில் சமைத்தன; தமிழ்நாட்டின் நிலை அதைவிட எவ்வளவோ மேல். எனினும் சிலிண்டர் வீட்டில் இருப்பது வேறு, அது நிறைந்திருப்பது வேறு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குள் போகக் கூடாதென்பது சட்டம். அந்த 61 நாளும் படகுக் கூலிக்காரன் வீட்டில் காசு புரளாது. முதலில் நிறுத்தப்படுவது எது என்று தங்கச்சிமடத்தில் எந்த வீட்டு அம்மாளையும் கேட்டுப் பாருங்கள். அரிசி ரேஷனில் வந்துவிடும்; சிலிண்டரை அடுத்த மாதம் பார்த்துக்கொள்வார்கள்; கொல்லையில் பழைய மண்ணடுப்பு இருக்கவே இருக்கிறது. வீட்டுப் புகையினால் உலகெங்கும் 2020ஆம் ஆண்டில் மட்டும் 32 லட்சம் பேர் அகால மரணம் அடைந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புகை பெரும்பாலும் பெண்களின் நெஞ்சுக்குள்ளும் குழந்தைகளின் நெஞ்சுக்குள்ளுமே போகிறது.

சுதேசியம் பேசுவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. இந்தியா செலவிடும் சமையல் காஸில் 100க்கு ஏறக்குறைய 60 பங்கு வெளிநாட்டுச் சரக்கு. அதில் பெரும்பகுதி மேற்கு ஆசியாவிலிருந்து கப்பலில் வருகிறது. அங்கே பீரங்கி வெடித்தால் இங்கே உலை கொதிப்பது பாதிக்கப்படும். அந்நியத் துணியைக் கொளுத்திய தேசத்தில், அந்நிய எரிபொருளைக் கொளுத்தித்தான் சுதேசி அரிசியைப் பொங்க முடியும் என்ற நிலை ஏற்பட்டிருக்கிறது. நமக்குத் தேவையான எரிபொருளில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்கும் நெல் ஒன்று இருக்குமானால், அது ஓர் எண்ணெய்க் கிணற்றுக்குச் சமானமல்லவா?

அப்படியொரு நெல் உண்டா? உண்டு, அதுவும் நமது தேசத்திலேயே உண்டு. அஸ்ஸாமில் ‘கோமள் சாவுல்’ என்று ஒரு வகை அரிசி பழங்காலந்தொட்டு வழங்கிவருகிறது. மெல்லரிசி என்று நாம் சொல்லலாம். அடுப்பில் ஏற்றாமல் தண்ணீரில் ஊறவைத்தாலே அது சோறாகிவிடும். தயிரும் வெல்லமும் வாழைப்பழமும் சேர்த்து அந்நாட்டார் உண்கிறார்கள். ஆஹோம் மன்னர்களின் படைவீரர்கள் இதைத்தான் கட்டுச்சாதமாகக் கொண்டுபோனார்கள் என்பது அங்கே வழங்கும் ஐதிகம். அஸ்ஸாம் விவசாயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிடாபார் ஆராய்ச்சி நிலையம் இந்த இனத்திலிருந்து ‘அகோனிபோரா’ என்ற ரகத்தை உருவாக்கி 1992இல் வெளியிட்டது. 2009இல் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தார் அதை ஒடிஸாவின் உஷ்ணத்திலும் பயிரிட்டுப் பார்த்து, 145 நாளில் ஹெக்டேருக்குச் சுமார் 4 டன் விளைவதாகத் தெரிவித்தார்கள். சாதாரணத் தண்ணீரில் 45 நிமிஷம், வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிஷம் ஊறினால் போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு. கட்டாக் நிலையமே வங்காளத்தில் 1943இல் லட்சக்கணக்கானோரைக் கொன்ற பஞ்சத்தின் எதிரொலியாக 1946இல் தோன்றியது என்பதை நேயர்கள் ஞாபகத்தில் வைப்பது நல்லது. பட்டினிச் சாவு கண்டு பிறந்த ஸ்தாபனம் அடுப்பைப் பற்றியும் நினைத்தது பொருத்தமே.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அரிசி மாவில் இரண்டு வகைப் பொருள் கலந்திருக்கிறது. அவற்றில் அமைலோஸ் என்பது அதிகமானால் சோறு உதிரியாயும் ஆறினால் விறைப்பாயும் இருக்கும். குறைந்தால் குழைந்து ஒட்டும். நாம் உண்ணும் அரிசிகளில் அது பெரும்பாலும் 100க்கு 20 முதல் 25 வரை இருக்கிறது. அகோனிபோராவில் 4.5 மட்டுமே.

இனி, பத்திரிகைகளில் ‘சமைக்காத சோறு’ என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அதை நாம் அப்படியே ஒப்புக்கொள்வதற்கில்லை. மெல்லரிசியும் நமது புழுங்கலைப்போல நெல்லாயிருக்கும்போதே அவித்து உலர்த்திக் குத்தப்படுவது. நெருப்பு அங்கே முன்னாடியே செலவாகிவிட்டது. அப்படியானால் லாபம் எங்கே? லாபம் இடமாற்றத்தில் இருக்கிறது. அரிசி ஆலையில் நெல் அவிப்பது பெரும்பாலும் உமியைக் கொண்டு. உமி நெல்லோடு வந்த சரக்கு. அதற்காக யாரும் மரம் வெட்டவில்லை, அந்நிய நாட்டுக்குப் பணம் அனுப்பவில்லை, எந்தப் பெண்ணும் தலையில் சுமக்கவில்லை. ஆயிரம் வீடுகளில் ஆயிரம் அடுப்புகள் எரிப்பதற்குப் பதிலாக ஆலையில் ஒரு கொதிகலன் எரிகிறது. இந்த யுக்தி நமக்கும் புதிதன்று. அவல் என்பது என்ன? நெல்லை ஊறவைத்து, வறுத்து, இடித்து வைத்துக்கொண்டால் வேண்டும்போது தண்ணீர் தெளித்து உண்ணலாம். ஒரு தடவை உலை வைத்து இரண்டு வேளை உண்ணும் பழைய சோறு என்பதுதான் என்ன? விறகின் அருமையை அறிந்த ஏழையின் பொருளாதார சாஸ்திரம் அது.

எதிர்வாதங்களையும் கேட்டுவிடுவோம், ஒரு கட்சி வாதத்தின்மேல் தீர்ப்பெழுதுவது நமது வழக்கமன்று. முதலாவது, ருசி. தமிழர்கள் உதிரிச் சோற்றுக்காரர்கள். குழைந்த சோற்றைக் குழந்தைக்கும் நோயாளிக்கும் உரியதென்று ஒதுக்குவார்கள். 1966இல் வந்த ஐ.ஆர். 8 நெல்லை அது விளைந்த அளவுக்கு யாரும் விரும்பி உண்ணவில்லை. ஆறினால் கல்லாயிற்று என்று முகம் சுளித்தார்கள். விளைச்சலை மட்டும் பார்த்து வாயையும் அடுப்பையும் மறந்ததன் பலன் அது. அந்தப் பக்கத்தில் செய்த பிசகை இந்தப் பக்கத்தில் செய்யக் கூடாது. இரண்டாவது, நீரிழிவு. அமைலோஸ் குறைந்த அரிசி விரைவில் ஜீரணமாகி ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்த ஆய்வொன்று, இத்தேசத்தில் பத்துக் கோடிக்கு மேற்பட்டவர்கள் நீரிழிவுக்காரர்கள் என்று 2023இல் கூறிற்று. அப்படிப்பட்ட நாட்டில் மூன்று வேளையும் மெல்லரிசி உண்ணுங்கள் என்று சொல்வது பாபம். மூன்றாவது, வேகவைக்காத சோற்றுக்குத் தண்ணீர் சுத்தமாயிருக்க வேண்டும். கொதிக்கும் உலை கிருமியைக் கொல்லுகிறது, ஊறல் கொல்லாது. நான்காவதுதான் நமது ஜில்லாவுக்கு முக்கியம்: 145 நாள் நெல் இங்கே நடக்காது. வானத்தை நம்பிப் புழுதியில் விதைக்கும் பூமி இது. பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்தார் 2009இல் வெளியிட்ட அண்ணா (ஆர்) 4 என்ற ரகத்தின் வயது 100 முதல் 105 நாள். அதற்கு மேல் கேட்கும் பயிருக்கு மார்கழிக்குப் பின் தண்ணீர் எங்கே?

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகும் வழக்கு தள்ளுபடியாகவில்லை என்பதே நமது அபிப்பிராயம். அகோனிபோராவை மூட்டை கட்டிக்கொண்டுவந்து விதைக்கச் சொல்லவில்லை. அதன் குணத்தை எடுத்து நமது மண்ணுக்குரிய நெல்லில் ஏற்றச் சொல்லுகிறோம். அமைலோஸின் அளவை நிர்ணயிக்கும் மரபணு எதுவென்று விஞ்ஞானிகள் அறிந்திருக்கிறார்கள். நாற்றுப் பருவத்திலேயே அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பொறுக்க இப்போது முடியும். வறட்சி தாங்கும் பரமக்குடி நெல்லோடு அதைச் சேர்ப்பது கடினமான வேலை, ஆனால் அசாத்தியமன்று.

அது யாருக்கு வேண்டும் என்பதிலும் நமக்குச் சந்தேகம் இல்லை. 1964 டிசம்பர் 22ஆந் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோயிற்று. பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. அதைச் செப்பனிட 46 நாள் ஆயிற்று. தீவு துண்டிக்கப்பட்ட அந்த நாட்களில் அரிசி மூட்டையைக் கொண்டு சேர்ப்பது ஒரு கஷ்டம் என்றால், நனைந்த விறகில் அதைப் பொங்குவது அதைவிடப் பெரிய கஷ்டம். புயலும் வெள்ளமும் ஆண்டுதோறும் வரும் கரையில், குடிதண்ணீரோடு சேர்த்துக் கொடுத்தால் நெருப்பில்லாமல் வயிறு நிறைக்கும் அரிசி ஒரு சேமிப்பாக ஜில்லாக் கிடங்கில் இருக்க வேண்டாமா? இரவு தங்கி வலை வீசும் படகிலே, டீசலுக்கும் பனிக்கட்டிக்கும் நடுவே அடுப்பு மூட்டும் ஆபத்து இல்லாமல் உண்ண ஒரு சோறு வேண்டாமா? அமாவாசைக்கு அமாவாசை ராமேசுவரத்தில் வந்து குவியும் வடநாட்டு யாத்திரிகர்களிடமே அது விலைபோகும். இவ்வளவுக்கும் சில நூறு ஏக்கர் போதும்.

ஆயினும் உண்மையான லாபம் இந்த விசேஷ நெல்லில் இல்லை. அன்றாட நெல்லிலும் பருப்பிலும் இருக்கிறது. ஒரே மாதிரி தோன்றும் இரண்டு அரிசிகள் ஒரே நேரத்தில் வேகுவதில்லை என்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும். அதன் காரணத்தை விஞ்ஞானம் பிற்பாடு கண்டுபிடித்தது. மாவு பசையாக மாறும் உஷ்ணநிலை ரகத்துக்கு ரகம் வேறுபடுகிறது. சில ரகங்களில் 70 டிகிரிக்குள் மாறிவிடும், சிலவற்றில் 74 டிகிரிக்கு மேல் போக வேண்டும். அந்த உஷ்ணநிலை குறைந்த ரகங்களைத் தேர்ந்தெடுத்தால் வேகும் நேரத்தில் சுமார் 4 நிமிஷம் மிச்சமாகும் என்று பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் 2010 வாக்கில் எழுதினார்கள். 4 நிமிஷமா என்று சிரிக்க வேண்டாம். 4 நிமிஷத்தை வீட்டால் பெருக்கி, வேளையால் பெருக்கி, நாளால் பெருக்கிப் பார்த்தால் சிரிப்பு நின்றுவிடும். ருசியை நிர்ணயிக்கும் குணம் வேறு, இந்த உஷ்ணநிலையை நிர்ணயிக்கும் குணம் வேறாதலால், உதிரிச் சோறாயிருந்துகொண்டே சீக்கிரம் வேகும் நெல் என்பது முரணான ஆசை அன்று.

பருப்பு வகைகளில் வித்தியாசம் இன்னும் பெரிது. ராஜ்மா என்று வடநாட்டார் சொல்லும் அவரை வித்தில் 206 ரகங்களை ஊறவைத்து வேகவைத்துப் பார்த்த அமெரிக்க ஆராய்ச்சி ஒன்று 2015இல் வெளியாயிற்று. ஒரு ரகம் 17 நிமிஷத்தில் வெந்தது. இன்னொன்றுக்கு 90 நிமிஷம் ஆயிற்று. வித்து ஒரே ஜாதி, தண்ணீர் ஒன்று, நெருப்பு ஒன்று. விறகோ ஐந்து மடங்கு. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளில் சீக்கிரம் வேகும் அவரை ரகங்களைத் தேடி எடுத்து உழவர்களிடம் கொண்டுபோகும் வேலை நடந்திருக்கிறது. நமது துவரையிலும் உளுந்திலும் தட்டாம்பயறிலும் இப்படிப்பட்ட பரீட்சையை, அதிலும் சாயல்குடிக் கிணற்றுத் தண்ணீரை வைத்துக்கொண்டு, வம்பன் பயறு ஆராய்ச்சி நிலையத்தார் பெரிய அளவில் செய்தால் என்ன பலன் கிடைக்கும் என்பதை அறிய நாம் ஆவலாயிருக்கிறோம்.

பழைய நெல் ரகங்களின் பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. சித்திரைக்கார், நொறுங்கன், குழியடிச்சான் போன்றவை இந்தப் பூமியின் வறட்சியைத் தாங்கி நின்ற ரத்தினங்கள். அவற்றைக் காப்பாற்றியவர்களை வணங்குகிறோம். ஆனால் தவிடு நீங்காத சிவப்பரிசி மெதுவாக வேகுவது என்பதை மேடையில் யாரும் சொல்லுவதில்லை. பட்டணத்தில் குக்கர் வைத்திருப்பவருக்கு அது ஒரு பொருட்டன்று. மட்டை பொறுக்குகிறவளுக்குப் பொருட்டு.

நமது ஆராய்ச்சிச் சாலைகள் அரிசியின் அமைலோஸையும் சமையல் குணத்தையும் சோதிப்பதில்லை என்று நாம் சொல்லவில்லை, சோதிக்கிறார்கள். ஆனால் சோதனை அறிக்கைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. உழவன் கைக்கு வரும் துண்டுப் பிரசுரத்தில் முன்னால் நிற்பவை வயதும் விளைச்சலும் நோய் எதிர்ப்பும். அவற்றுக்குப் பக்கத்தில், இத்தனை நிமிஷத்தில் வேகும், ஒரு கிலோவுக்கு இத்தனை விறகு ஆகும் என்று இரண்டு வரி அச்சிட எவ்வளவு செலவாகும்? அந்தப் பரீட்சையும் காய்ச்சி வடித்த நீரில் கண்ணாடிக் குழாய்க்குள் நடந்தால் போதாது. மண்ணடுப்பில், ஊர்த் தண்ணீரில், சமைக்கிற ஸ்திரீகளை நீதிபதிகளாக வைத்து நடக்க வேண்டும். சீக்கிரம் வேகும் நெல்லைச் சர்க்கார் கொள்முதலில் சற்று விலை கூட்டி வாங்கினால் உழவன் விதைப்பான், கூட்டாவிட்டால் விதைக்கமாட்டான். விறகு மிச்சமாவது வேறொருத்தி வீட்டில், நஷ்டம் தன் வயலில் என்றால் அவனைக் குறை சொல்ல நமக்கு என்ன பாத்தியதை?

மெல்லரிசியின் குணத்தை எடுத்தாளும்போது அதை இத்தனை தலைமுறையாய்ப் பேணிவந்த அஸ்ஸாம் குடியானவர்களுக்கு ஒரு பங்கு சேர வேண்டும். பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் 2001இல் இயற்றப்பட்டபோது இதற்கு வழி செய்யப்பட்டிருக்கிறது. வழி சட்டப் புத்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது. முதல் ஒட்டு கட்டும் நாளிலேயே உடன்படிக்கை எழுதிவிடுவது நல்லது. பிற்பாடு யாரோ ஒரு கம்பெனி அதே குணத்தைப் பொட்டலம் கட்டி நமக்கே விற்க வந்தால் கோர்ட்டுக்குப் போவதைக் காட்டிலும் இது மலிவு.

தமிழ்நாட்டு அரசாங்கம் 2021இல் விவசாயத்துக்கென்று தனி வரவு செலவு அறிக்கை போடத் தொடங்கிற்று. அதில் பரமக்குடிக்கும் வம்பனுக்கும் இந்த ஒரு வேலைக்காக எவ்வளவு ஒதுக்கப்படும், முதல் அடுப்புப் பரீட்சை எந்தப் பருவத்து விளைச்சலைக் கொண்டு நடக்கும், அதன் முடிவு எப்போது அச்சாகும் என்ற மூன்று கேள்விகளை நமது ஜில்லாவின் சட்டசபை அங்கத்தினர்கள், கட்சி வேற்றுமையின்றி, மானியக் கோரிக்கையின்போது எழுந்து கேட்க வேண்டும். புரட்டாசி விதைப்புக்கு முன் பதில் வந்துவிட்டால், வரும் போகத்து அறுவடையிலிருந்தே வேலையைத் தொடங்கலாம்.